கரைந்த உப்பு எங்கே போகிறது?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பது நாட்டுப்புறத்தார் வழங்கும் பழமொழி. வினை செய்தவனே அதன் பயனைத் துய்ப்பான் என்பதை இஃது உணர்த்துவதாகப் பொருள் கூறுவர். ஆனால் பாலாற்றங்கரையில் வாழ்வோர்க்கு இப்பழமொழி வேறொரு பொருளையும் தருகின்றது. இங்கே உப்பைத் தின்றவர் ஒருவர்; உப்புத் தண்ணீரைக் குடிப்பவர் மற்றொருவர். இவ்விருவரையும் பிணைத்து நிற்பது ‘கரைதல்’ என்னும் எளிய வேதியியல் நிகழ்ச்சியே.

தமிழ்த்துறை மலரில் உப்பைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் வினவக்கூடும். உப்பு நமக்குப் புதியதன்று. நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றி உள்நாடு புகுந்து நெல்லுக்கு மாற்றிய உமணர் வாழ்க்கையைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஊடல் எந்த அளவில் அமைய வேண்டும் என்று கூறப் புகுந்த திருவள்ளுவர்க்கும் உவமையாகக் கிடைத்தது உப்பின் அளவே. அவ்வளவு ஏன், வேதியியல் பயிலாத நம் பாட்டிமார் நாவில் வழங்கிய பெயர்களை எண்ணிப் பாருங்கள்: வெடியுப்பு, பேதியுப்பு, இந்துப்பு, நவச்சாரம், வெண்காரம், படிகாரம், அன்னபேதி, மயில்துத்தம். இவை அனைத்தும் நீரிற் கரையும் உப்புகளே. அல்-ராஸி என்னும் பாரசீக மருத்துவ மேதை பொருள்களை வகைப்படுத்தியபோது உப்புகளைத் தனியொரு வகுப்பாகவே வைத்தார். உவர்ச்செடியின் சாம்பலைக் குறித்த ‘அல்-கலி’ என்னும் அரபுச் சொல்லே இன்று உலக மொழிகளில் ‘அல்கலி’ என வழங்குகின்றது. ஆகவே இப்பொருள் வேதியியல் துறைக்கு மட்டுமே உரிய தனிச்சொத்து அன்று.

அமிலமும் காரமும் தம்முட் கூடிப் பிறப்பது உப்பு என்று பள்ளியிலே படித்தோம். அவ்வுப்பினுள் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றி வரிசையாக நிற்கின்றன. நீர் அவ்வரிசையைக் குலைத்து ஒவ்வோர் அயனியையும் தனித்தனியே சூழ்ந்து கொள்வதையே கரைதல் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது; ஆனால் ஒரு மில்லிகிராமும் குறைவதில்லை. நீரை வற்றவிட்டால் இட்டது இட்டவாறே கிடைக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் நடப்பது இதுவே. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. வெயிலில் நீர் சுண்டச் சுண்ட, கரைதிறன் குறைந்த ஜிப்சம் முதலிற் படிகின்றது. பின்னர்ச் சமையல் உப்பு. மக்னீசிய உப்புகள் எஞ்சிய கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. உப்பளத் தொழிலாளி எந்த நிலையில் நீரை எந்தப் பாத்திக்குத் திருப்புவது என்று அறிந்திருக்கும் அறிவு, கரைதிறனைப் பற்றிய முழுமையான அறிவேயாகும். அவர் அதனை அட்டவணையாக எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

எல்லா உப்பும் ஒரே அளவிற் கரைவதில்லை. 100 கிராம் நீரில் சமையல் உப்பு ஏறத்தாழ 36 கிராம் கரையும். நீரைக் கொதிக்க வைத்தாலும் இவ்வளவு சிறிதே கூடும். வெடியுப்போ உறைநிலையில் 13 கிராம் அளவே கரைவது, கொதிநிலையில் 240 கிராமுக்கும் மேற்பட்டுக் கரையும். பேரியம் என்னும் தனிமத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கரையும் உப்புகள் கொடிய நஞ்சு. அதன் சல்பேட்டு உப்போ கரையாதது. ஆகவே குடலை எக்ஸ்-ரே படம் எடுக்குமுன் நோயாளிக்கு அதனைக் குடிக்கவே கொடுக்கின்றனர். தனிமம் ஒன்றே, ஒன்று உயிரைப் போக்குகின்றது, மற்றொன்று மருத்துவர்க்குத் துணை நிற்கின்றது. வேறுபாடு கரைவதிலும் கரையாமையிலும் இருக்கின்றது. கரையும் தன்மையே பயனுக்கும் கேட்டுக்கும் வாயில் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பயன்களைச் சொல்லப் புகுந்தால் முடிவில்லை. வயிற்றுப்போக்கினால் வாடும் குழந்தைக்கு ஊட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசலில், உலக நலவாழ்வு அமைப்பு 2002-இல் திருத்தியமைத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட்டு உப்பு 2.9 கிராம், குளுக்கோசு 13.5 கிராம். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்புவழி ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை வாய்வழியே கொடுத்துப் பல்லாயிரவரைப் பிழைக்க வைத்தார். சேற்றுநீரில் படிகாரத்தைச் சுழற்றினால், அது கரைந்து, பின் கரையாத பஞ்சு போன்ற பொருளாக மாறி, சேற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகின்றது. வெடியுப்பு நீரிற் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும்; அக்பர் பேரரசரின் அரண்மனையில் இதனைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்த முறையை அபுல் பசல் தம் ‘அயினி அக்பரி’யில் எழுதி வைத்துள்ளார். வயலுக்கு இடும் பொட்டாஷ் உரம் கரையாவிடின் வேருக்கு எட்டாது. மேட்டூரில் உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி எடுக்கும் எரிசோடா, சோப்புக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் செல்கின்றது. இவை யாவும் நாம் நன்கு அறிந்தவை. ஆதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் அறியாதது, அல்லது அறிந்தும் பேசாதது ஒன்றுண்டு. வேலை முடிந்தபின் அந்த உப்பு எங்கே போகின்றது? எரியும் விறகு சாம்பலாவதைக் காண்கிறோம். அழுகும் காய்கறி மண்ணாவதைக் காண்கிறோம். கரைந்த சோடியமும் குளோரைடும் எரிவதில்லை, அழுகுவதில்லை, எந்த நுண்ணுயிரும் அவற்றைத் தின்று செரிப்பதுமில்லை. கடல் சேரும்வரை அவை வழியில் எங்கேனும் தங்கியே தீரும். கடல் சேராத ஆறாயின்?

இங்கேதான் பாலாற்றுக்கு வர வேண்டியிருக்கின்றது. கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர மண்ணைக் கடந்து நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துள் நுழையும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. நீர் மேலே ஓடாவிடினும் மணலின் அடியில் ஊறும். அவ்வூற்றை நம்பியே கரையோரக் கிணறுகள் வாழ்ந்தன. அதே கரையில்தான் வாணியம்பாடியும் ஆம்பூரும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் தோல் தொழிலால் பெயர் பெற்றன.

தோலுக்கும் உப்புக்கும் உள்ள உறவு, தோலை உரித்த சிறிது நேரத்தில் தொடங்கிவிடுகின்றது. ஈரமான பச்சைத்தோலை அப்படியே விட்டால் நுண்ணுயிர்கள் அதனை அழித்துவிடும். ஆகவே நூறு கிலோ தோலுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோ உப்பைத் தூவி அடுக்குகின்றனர். உப்பு தோலின் நீரை வெளியே இழுத்து, நுண்ணுயிர்க்கு வாழ இடமில்லாமற் செய்கின்றது. இதனினும் மலிவான, எளிய காப்பு முறை இன்றுவரை கைகூடவில்லை. ஆனால் பதனிடத் தொடங்கும்போது அதே உப்பு வேண்டாத பொருளாகிவிடுகின்றது. தோலை நீரில் ஊறவைத்து, உப்பை முழுவதும் கழுவி நீக்க வேண்டும். அத்துடன் முடிந்ததா எனில் இல்லை. சுண்ணாம்பிட்டு மயிர் நீக்கிய தோலை அமிலத்தில் இடும்போது, அது வீங்காதிருக்க மீண்டும் உப்புச் சேர்க்கின்றனர். பின்னர்ப் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டும் கரையும் உப்பே. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட நம் முன்னோரின் முறையில் குரோமியம் இல்லை. ஆயினும் தோலைக் காக்கும் உப்பு அன்றும் இருந்தது. குரோமியத்தைப் பற்றியே பேசி உப்பை மறந்துவிடுவது நம்மிடையே உள்ள பெருங்குறை என்று கருதுகிறேன்.

ஒரு சிறு கணக்கு. குடிநீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக் கொள்ளலாம். உப்பே இல்லாத 500 லிட்டர் நீரில் ஒரு கிலோ உப்பு கரைந்தால் அது 2000 என்னும் எல்லையைத் தொட்டுவிடும். அப்படியாயின் நூறு கிலோ தோலோடு வந்த நாற்பது கிலோ உப்பு இருபதாயிரம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டு சேர்க்கும். இது தூய நீருக்குச் சொன்ன கணக்கு. நம் நிலத்தடி நீர் இயல்பாகவே உப்பைக் கொண்டது. ஆகவே உண்மையில் கெடும் நீர் இன்னும் மிகுதி.

1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது அத்தீர்ப்பில்தான். உலக நாடுகளின் சட்ட நூல்கள் எடுத்தாளும் அத்தீர்ப்பு பிறந்த மண் நம் மண் என்பதில் பெருமை கொள்வதா, நாணுவதா என்று எனக்கு விளங்கவில்லை. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிட ஒவ்வாததாகிவிட்டது என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பிலே இடம்பெற்றுள்ளது. அது வந்து ஒரு தலைமுறை கடந்தபின், 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கி, அதனை மாசுபடுத்தியோரிடம் பெற்றுக்கொள்ளுமாறு அரசைப் பணித்தது.

உப்புநீர் பாய்ந்த நிலத்துக்கு என்ன நேர்கின்றது? களிமண் துகள்கள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதால்தான் மண் பொலபொலப்பாக இருக்கின்றது. சோடியம் மிகும்போது கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தில் அமர்கின்றது. துகள்கள் பிரிந்து, ஈரத்தில் குழம்பாகவும் வெயிலில் பாளமாகவும் மாறுகின்றன. நீர் உள்ளே இறங்குவதில்லை; வேருக்கு மூச்சும் இல்லை. இதற்கு மருந்தாக வேளாண் துறையினர் கூறுவது ஜிப்சம், அதாவது மற்றோர் உப்பு. அதன் கால்சியம் சோடியத்தை மீண்டும் வெளியேற்றும். ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவிச் செல்ல நல்ல நீர் வேண்டும். நல்ல நீர்க்கு எங்கே போவது?

இவ்வளவும் எழுதும் நான் தோல் தொழிலுக்குப் பகைவன் அல்லன். அத்தொழில் ஈட்டிய பொருளைக் கொண்டு நம் முன்னோர் இப்பகுதியில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நிறுவினர். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பட்டம் பெற்றனர். காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் உழைத்துத் தம் குடும்பங்களை நிமிர்த்தியுள்ளனர். நம்மிற் பலர் தின்ற உப்பு தோல் தந்த உப்பு. தொழிலை மூடிவிடுக என்று ஊருக்கு வெளியே அமர்ந்து எழுதுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும், ‘பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துவிட்டோம்; இனிக் குறையில்லை’ என்று கூறுவோரோடும் உடன்பட இயலவில்லை. 1990களில் அமைந்த அந்நிலையங்கள் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுகும் பொருள்களை நீக்கின, நாற்றத்தைக் குறைத்தன, நீரைத் தெளியவைத்தன. கரைந்த உப்பை அவை தொடவில்லை. அவற்றின் அமைப்பே அதற்கானதன்று. தெளிந்த நீர் வேறு, இனிய நீர் வேறு.

திருப்பூரிலும் இதே கதைதான். பருத்தித் துணி சாயத்தைப் பற்றிக்கொள்ள, சாயத்தொட்டியில் மிகுதியான உப்பை இட வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு நீரோடு போய்விடும். நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென எழுந்தது, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. அதன்பின் அங்கே ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் பரவலாயின. நீரும் உப்பின் ஒரு பகுதியும் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன. மின்சாரச் செலவு கடுமையானதுதான். ஆனால் அச்செலவு புதிதாகத் தோன்றியதன்று. முன்பு அதனை நொய்யற்கரை உழவர் செலுத்தி வந்தனர். நம் தோல் நிலையங்களிலும் இம்முறை வந்துள்ளது. ஆயினும் தோற்கழிவிலிருந்து இறுதியிற் கிடைப்பது பலவகை உப்புகளின் அழுக்குக் கலவை. அதனை வாங்குவாரில்லை, மூட்டைகளாகக் கொட்டகையில் அடுக்குகின்றனர். ஒரு பெருமழை கொட்டகையுட் புகுந்தால் செலவிட்டுப் பிரித்ததெல்லாம் மீண்டும் கரைந்துவிடும்.

ஆகவே என் கருத்து இது: கரைந்தபின் பிரிப்பதற்குப் படும் பாட்டில் பாதியைக் கரையாமற் காப்பதற்குப் பட வேண்டும். ஊறவைக்குமுன் தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிடலாம். மரச்சட்டத்தின்மேல் தட்டினாலே பெருமளவு உதிரும்; கைவேலைதான், விந்தைத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டுவதில்லை. முதல் ஊறல்நீரை மற்றக் கழிவோடு கலக்கவிடாது தனி வாய்க்காலில் செலுத்தி, கசியாத பாத்திகளில் வெயிலுக்கு விடலாம். தூத்துக்குடிக்காரர் கற்ற பாடத்தை நாமும் கற்பதில் இழுக்கில்லை. இவற்றைச் செய்வோர் இன்றும் உளர். செய்யாதோர்க்கு இழப்பு ஒன்றுமில்லை என்பதே சிக்கல்.

அச்சிக்கல் விதியிலேயே இருக்கின்றது. வெளியேறும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது அளவு. லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால், இன்னும் நான்கு மடங்கு ஆழ்குழாய் நீரைக் கலந்து அந்த எண்ணைக் காட்டிவிடலாம். உப்பு குறையாது, நல்ல நீர்தான் கூடுதலாகக் கெடும். எத்தனை கிலோ உப்பு தொழிற்கூடத்துள் வந்தது, தோலோடு வந்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, உலர்ந்து எடுத்தது எவ்வளவு, எஞ்சியது எங்கே என்று கிலோக்கணக்கில் கேட்க வேண்டும். வணிகர்க்குப் பேரேடு புதிதன்று. காசுக்கு எழுதும் கணக்கை உப்புக்கும் எழுதினால் போதும். அந்தப் பேரேட்டை வெளிநாட்டுக் கொள்முதலாளரும் பார்க்க வேண்டும். தோல் கப்பலேறிப் போகின்றது. உப்பு ஊரிலே தங்கிவிடுகின்றது. தங்கியதன் விலையில் ஒரு பங்கு அவர்களுடையதே.

குற்றத்தைத் தொழிற்கூடத்தின் மேல் மட்டும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. கிணற்றுநீர் உவர்த்தபின் வீடுதோறும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினோம். அது நல்ல நீரை ஒரு குடம் தந்து, உப்புச் செறிந்த நீரை அதனினும் மிகுதியாக வெளியே தள்ளுகின்றது. அந்நீர் நம் தெருவின் மண்ணுக்கே போகின்றது, அங்கிருந்து கிணற்றுக்கு, கிணற்றிலிருந்து மீண்டும் அவ்வியந்திரத்துக்கு. துணிக்குச் சலவைச் சோடாவை அள்ளி இடும்போதும் நாம் சிறுஅளவில் அதையே செய்கிறோம்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவான கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. நம் மாணவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வருகின்றனரோ அந்தந்த ஊர்க் கிணற்று நீரை மாதம் ஒருமுறை ஒரு சிறு புட்டியில் கொண்டுவரட்டும். வேதியியல் துறையினர் அளந்து சொல்லட்டும். தமிழ்த்துறையினர் எழுதி வைக்கட்டும். பத்தாண்டுகள் எழுதி வைத்தால் நீதிமன்றத்துக்கும் நிலக்கிழார்க்கும் தொழில் முதல்வர்க்கும் காட்டத்தக்க சான்று ஒன்று நம் கையில் இருக்கும். குறிப்பேட்டுக்கு நான்கே கட்டங்கள் போதும்: ஊர், கிணற்றின் பெயர், நாள், லிட்டருக்குக் கரைந்த உப்பு.